பீடத்தின் முன் வைத்த மேசை

அம்மா,

உங்கள் மேசையை உங்களிடமிருந்து எடுத்தது பிழை. எடுக்கும்படி வாய் திறந்து சொன்னவன் நான். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

போன செவ்வாய்க்கிழமை அந்த மேசையைப் போதகர் இல்லத்தின் முன்னால், நடைபாதைப் பனியில் கண்டேன். வீட்டை விற்கிறார்கள். மண்டபத்துப் பழைய சாமான்களையும் சேர்த்து வெளியே தள்ளியிருந்தார்கள். மறுநாள் காலையில் குப்பை வண்டி வரும். லாச்சியை இழுத்து அந்த இழுப்பறைக்குள் கையை விட்டேன். மூலையில் கிடந்த குண்டூசி விரலில் ஏறியது. பதினொரு வருடம் கோயில் மண்டபத்தில் கோப்பிப் பாத்திரம் சுமந்து நின்ற மேசை அது. அதற்குள் உங்கள் ஊசி இன்னும் இருந்தது.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஆங்கிலேயர் தங்கள் போதகர்களுக்கென்று கட்டிய செங்கல் வீடு. அதற்கு இரண்டு வாசல். முன்வாசல் போதகரின் வாசிப்பறைக்கு. சபையார் அந்த வழியால் வர வேண்டும். பக்க வாசல் குடும்பத்துக்கு. ஆங்கிலேயர் குறைந்து நம்மவர்கள் கூடிய காலத்தில் உங்கள் கணவர் அங்கே போதகராக வந்தார். நான் கோயில் காவலாளி. பனி தள்ளுவதும் கதவு பூட்டுவதும் என் வேலை. நீங்கள் என்னைவிட நாலு வயது இளையவர், ஆனாலும் போதகரின் மனைவி என்பதால் எனக்கு அம்மா.

நம்மவர்களுக்கு இரண்டு வாசல் கணக்கெல்லாம் தெரியாது. ஞானஸ்நானப் பத்திரம் கேட்பவரும், பிரெஞ்சுக் கடிதத்தை வாசிக்கக் கொண்டு வருபவரும் நேரே உங்கள் குசினிக்குள்தான் வந்து நிற்பார்கள். ஒருநாள் ஜன்னல் இடுக்குக்குத் துணி அடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: “சபைதான் கதவு தட்டாமல் வருதெண்டால், அண்ணை, குளிரும் அப்பிடியே பழகிட்டுது.”

நீங்கள் தைத்த உடுப்புத் தொழிற்சாலை மூடியபோது, அங்கே துணி வெட்டும் மேசை ஒன்றை உங்கள் சொந்தச் சம்பளத்தில் வாங்கினீர்கள். நம்மவர்களின் பழக்கப்படி, புதிதாக வாங்கியதை நன்றிப் பண்டிகையன்று பீடத்தின் முன் வைத்து ஜெபம் செய்து எடுத்துப்போக வேண்டும். மற்றவர்கள் பூசணிக்காயும் புதுச் சட்டையும் வைத்தார்கள். போதகரும் நானும் மேசையைச் சுமந்து வந்தோம். “அடுத்த வருசம் பிரிஜ்ஜையும் கொண்டருவியளோ?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“அது கோயில் பிரிஜ். கட்டிலும் கோயில் சாமான். எனக்கெண்டு இருக்கிறது இது ஒண்டுதான்” என்று சிரித்தீர்கள்.

அதை நான் கேட்டேன், அம்மா. பக்கத்தில் நின்று கேட்டேன்.

போதகர் இறந்து மூன்று மாதத்தில் புதியவருக்கு வீடு வேண்டியிருந்தது. சபைக் குழு தளபாடப் பட்டியலுடன் அறை அறையாகப் போனது. மேசை பட்டியலில் இல்லை. இது யாருடையது என்று தலைவர் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

“பீடத்துக்கு முன்னாலை வைச்சது. வைச்சால் கோயிலுக்குத்தான்” என்றேன்.

அதற்கு முந்திய வருடம், கோயிலுக்குக் கொடுத்த விளக்கைத் திரும்பக் கேட்ட ஒரு குடும்பத்தோடு நான் சண்டை பிடித்திருந்தேன். போதகர் வீட்டுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா என்று அவர்கள் கேட்டுவிடக் கூடாதென்பதுதான் அன்று என் தலைக்குள் இருந்தது. விளக்கு கொடுத்தது, மேசை ஜெபத்துக்கு வைத்தது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். நீங்கள் கோபிக்கவில்லை. “அண்ணை சொன்னால் சரியாத்தான் இருக்கும்” என்றீர்கள். அந்தச் சொல்லைவிட நீங்கள் என்னை ஏசியிருக்கலாம்.

பிறகு லொங்குய் ஊரில் உங்கள் மகளின் வீட்டு நிலவறைக்கு உங்களைப் பார்க்க வந்தபோது, நிலத்தில் முழங்காலூன்றித் துணி வெட்டிக்கொண்டிருந்தீர்கள். அதுதான் அப்போது உங்கள் பிழைப்பு. எழும்ப இரண்டு தரம் முயன்றீர்கள். நான் மேசையைப் பற்றித் தொடங்க முன்னமே, “நிலம் பெரிசு அண்ணை, துணி தாராளமாய் விரியுது” என்று சொல்லித் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டீர்கள். அன்று மாலையே தலைவரிடம் போய் மேசையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். “நீங்கள்தானே சொன்னீங்கள், கோயிலுக்கெண்டு” என்றார். என் சொல்லே என் முன்னால் சுவராக நின்றது.

நீங்களும் கண்மூடிய பிறகு நூலகத்தில் உட்கார்ந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்கிலாந்தின் போதகர் இல்லங்களைப் பற்றி வாசித்தேன். நூற்றாண்டுக் கணக்காக அங்கே வீடு பதவிக்குத்தான் சொந்தம், குடும்பத்துக்கு அல்ல. மனைவி நோயாளிகளைப் பார்ப்பாள், மகள்மார் ஞாயிறு பள்ளி நடத்துவார்கள். எந்தப் பதிவிலும் அவர்கள் இல்லை. போதகரின் சவப்பெட்டி வெளியே போனால், அடுத்த குடும்பத்துக்காக விதவையும் பிள்ளைகளும் வெளியே போக வேண்டும். சில ஊர்களில் மனம் பொறுக்காதவர்கள் போதகர்களின் விதவைகளுக்கென்று சிறிய வீடுகள் கட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் இது யாருக்கும் தெரியாமல் நடந்த துன்பம் அல்ல. தெரிந்த துன்பத்தோடு நாங்கள் ஒரு மேசையையும் சேர்த்தோம்.

செவ்வாய்க்கிழமை உங்கள் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். “தெசொலே அங்கிள், எங்கை வைக்கிறது? அம்மாவும் இல்லை” என்று, பிரெஞ்சில் மன்னிப்போடு தொடங்கிச் சொன்னாள். அவளில் பிழை இல்லை. மேசையைத் தனியே இழுத்துப் பார்த்தேன். ஒரு முழம் நகர்ந்தது, நெஞ்சு அடைத்தது. லாச்சியை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போனபோது பனியில் நாலு கால்களின் அடையாளம் இருந்தது.

இனிச் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். மண்டபச் சுவரில் ‘இல்லத்தின் வரலாறு’ என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். போதகர்களின் பெயர்கள் மட்டும். சபைச் செயலாளர் அதை இறக்கி, அந்த வீட்டில் வாழ்ந்த எல்லோருடைய பெயரையும் எழுத வேண்டும். தெரியாத இடத்தில் வெறுமையாக விடட்டும், வெறுமையாவது தெரியட்டும். வீட்டை விற்கும் ஆயர், அடுத்த போதகர் இறந்தால் அவருடைய மனைவி எங்கே இருப்பார் என்று எழுத்தில் தர வேண்டும். உங்கள் மகள் லாச்சியையாவது வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்கு இடமிருக்கும். இவர்களில் யாரையும் செய்யவைக்க என்னால் ஆகாது.

என்னுடையது ஒன்று இருக்கிறது. அந்த மேசை உங்களுடையது என்று நான் சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். போன ஞாயிறு சொல்லத்தான் எழுந்தேன். ‘கிழவர் எழும்பிவிட்டார், பாட்டுக்கு நேரமாக்கும்’ என்று நினைத்துச் சபை முழுவதும் எழுந்தது. ஓர்கன் தொடங்கிவிட்டது. நானும் பாடினேன்.

வருகிற ஞாயிறு பாட்டு முடிந்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு, நான் உட்காராமல் நிற்க வேண்டும். உங்கள் குண்டூசியை என் கோட்டின் உள்பக்கத்தில் குத்தி வைத்திருக்கிறேன்.