உங்கள் நாவலின் கடைசித் துப்பு

கோபம் வந்தால் சொல்ல இன்றும் உங்களைத் தேடுகிறேன் அண்ணா,

உங்கள் துப்பறியும் நாவல் அச்சாகி வந்துவிட்டது. நீங்கள் இருந்தவரை கைப்பிரதியை அலமாரியில் பூட்டிவைத்து, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தடித்த அதே பதிப்பாளர்தான் இப்போது உங்கள் படத்துக்கு மாலை போடுகிறார். நான் மறக்கவில்லை. மறப்பதாகவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் ஒரு பள்ளிக்கூட அறையில் வாசகர் கூட்டம் நடந்தது. அண்ணியும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாளையக்காரர் காலத்துக் கொங்குநாட்டைக் கண்முன் கொண்டுவந்துவிட்டீர்களாம். சந்தையும் நொய்யல் வெள்ளமும் பிரமாதமாம். கொலைகாரனைப் பிடிக்கிற இடம்தான் ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

காட்டில் பிணம் கிடக்கிற சேதி ஊருக்குத் தெரிவது உச்சிவேளையில். ஆனால் செத்தவனுடைய பங்காளி வீட்டில் காலையிலிருந்தே அடுப்பு பற்றவைக்கவில்லை. பங்காளி இறந்தால் பிணம் எடுக்கும்வரை உலை வைக்கக் கூடாது. கொலை செய்யத் துணிந்தவனுக்கு அந்த வழக்கத்தை மீறத் துணிச்சல் வரவில்லை. புகை எழாத அந்தக் கூரையைப் பார்த்து உங்கள் ஒற்றன் நின்றுவிடுகிறான். நீங்கள் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான் என்பேன்.

"ஏனுங்க, அடுப்பு பத்தலீன்னா கொலைகாரனுங்களா? எங்கூட்ல கேஸ் தீந்துபோச்சுன்னா என்னையப் புடிச்சுட்டுப் போயிருவாங்களாட்ட இருக்குது!" என்றார் பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைக்காரர் ஒருவர். அறையே சிரித்தது.

பதிப்பாளரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எடுபடாதாம். அடுத்த பதிப்பில் பங்காளி வீட்டு வைக்கோற்போரில் ரத்தக்கறை படிந்த கத்தி ஒன்றை வைத்துவிடலாமாம். அண்ணி சம்மதித்தால் போதுமாம்.

நான் எழுந்தேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "சண்டை வேண்டாமுங்க தம்பி. ஊட்டுக்குப் போலாம்."

பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். வெளியே பார்த்தபடியே கேட்டார். "உங்கண்ணன் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, அன்னிக்குக் காலையில உங்கூட்டுக்கு வந்தனில்லீங்க தம்பி?"

வந்தார். நீங்கள் அன்று விடிவதற்குள் போய்விட்டீர்கள். உடம்பு வீட்டுக்கு வரும்வரை அண்ணிக்குச் சொல்ல வேண்டாமென்று மூடி மறைத்திருந்தோம். என் மனைவி சிரித்த முகமாகத்தான் வரவேற்றாள். "பால் திரிஞ்சுபோச்சுங்க அக்கா, காப்பி வெக்க முடியல" என்று சமாளித்தாள்.

"புள்ளைங்க பள்ளிக்கூடம் போற நேரம். அடுப்பு மேல ஒரு பாத்திரமில்லீங்க. தொட்டுப் பாத்தேன், சில்லுனு இருந்துச்சு. உங்கண்ணன் எழுதினதை மொதல்ல படிச்சவ நானு. எனக்கு வேற ஆரும் சொல்லோணுமுங்களா?"

"ஏன் அண்ணி, அப்பவே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் அழுகையை அடக்கிட்டு என்ன பாடு பட்டீங்க! நீங்களாச் சொல்ற வரைக்கும் தெரியாதவளாட்டவே உக்காந்துட்டேன்."

அண்ணா, அந்தக் காலைப்பொழுதை அவர் எப்படிக் கழித்தார்? எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் பிள்ளைகளிடம் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டு? அந்தப் பக்கத்தை எழுதும்போது அது யாருக்குப் பயன்படப் போகிறதென்று உங்களுக்குக் கொஞ்சமாவது தோன்றியதா?

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். "எழுதிப்போடுங்க தம்பி. சிரிச்சவங்களும் படிக்கட்டும்" என்றார். அதனால்தான் உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியதை ஊரறிய எழுதுகிறேன்.

அந்தக் கத்தி உங்கள் நாவலுக்குள் வராது. அண்ணி முடியாதென்று சொல்லியனுப்பிவிட்டார். அடுத்த பதிப்பே வராமல் போனாலும் சரி என்று நானும் சொல்லிவிட்டேன். பதிப்பாளரை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அதற்கு எனக்கு மனசு போதாது. ஆனால் ஒன்று. இனி எந்தக் கெட்ட சேதியானாலும் அண்ணியிடம் முதலில் போய்ச் சொல்வேன். அவர் இன்னொரு முறை தனியாகக் கண்டுபிடிக்கும்படி விடமாட்டேன்.

உங்களுக்குப் பின் பிறந்து, உங்களுக்குப் பின்னும் இருக்கிற
தம்பி,
கோயமுத்தூர்.