செஞ்சிக்கோட்டையில் தற்செயலாக

9-2-85, சனி

காலையில் பனி. எதிர்வீடு தெரியவில்லை. டைப் இன்ஸ்டிடியூட்டில் லோயர் பேட்ச் மட்டும். பதினோரு பேரில் நாலு பேர் இன்னும் எழுத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். பரீட்சைக்குப் போய் என் பெயரைக் கெடுப்பார்கள்.

நாளை செஞ்சி. தெருவுக்குச் சொன்னது, கோட்டை பார்க்க. உண்மையில் என்னைப் பார்க்க. விழுப்புரத்து வரன், முரளி என்று பெயர், அரசாங்க ஆபீஸில் கிளார்க். வீட்டிலேயே மூன்று முறை பெண் பார்த்தாயிற்று. இருவர் என்னை வேண்டாம் என்றார்கள். ஒருவனை நான் வேண்டாம் என்றேன். திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு அந்த ஒன்றுதான் ஞாபகம். குழாயடியில் என் காதுபடவே: "டைப்பு கத்துக்குடுக்கிற திமிரு. இன்னொரு வாட்டி வேணாம்னு சொல்லட்டும், அப்புறம் யாரு வந்து கேக்கறான்னு பாப்போம்."

அதனால் இந்த முறை ஊருக்கு வெளியே. இரண்டு குடும்பமும் கோட்டையில் தற்செயலாகச் சந்திக்க வேண்டுமாம். அம்மாவின் மூளை. தரகர் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார். தற்செயல், காலை பத்தரை மணிக்கு.

எடுத்து வைக்க: கூஜா, துண்டு, வாழையிலை, பவுடர் (அம்மா சொல்), தலைவலி மாத்திரை (எனக்கு).

10-2, ஞாயிறு

செஞ்சி பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். புடவை கசங்கியது. சந்தோஷம்.

கோட்டை வாசலில் அவர்கள் நால்வர். அவன், அவன் அம்மா, மாமா, மாமி. அவன் அம்மா எங்களைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள். "அடடே, நீங்களா! இன்னா, இந்தப் பக்கம்?" அப்பா, "சும்மாங்க, கோட்டைய பாத்துட்டுப் போலாம்னு..." நாடகத்தில் வேஷம் கட்டியிருந்தால் இரண்டு பேரையும் முதல் சீனிலேயே கல்லால் அடித்திருப்பார்கள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் அப்பா கூடையைத் திறந்தார். ஏழு பொட்டலம். நாங்கள் மூன்று பேர். ஆறு புளிசாதம், ஒன்று தயிர்சாதம். "அம்மாவுக்குக் காரம் ஆகாதாமே, தரகர் சொன்னாரு." அவன் அம்மா தயிர்சாதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு தற்செயலாக எல்லாரும் சாப்பிட்டோம்.

உட்கார்ந்த இடம் கல்யாண மகால். அவன் அம்மா, "கல்யாண மகால்லயே குந்திட்டோம், நல்ல சகுனம்." ஒரே வௌவால் நாற்றம். மாமா தூண் தூணாகத் தட்டிப் பார்த்து, "ஸ்ட்ராங்கு" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

அவன்: இன்னும் பெல்பாட்டம். பின்பாக்கெட்டில் சீப்பு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தலை வாரல். ராஜகிரி மலை ஏறலாமா என்று கேட்டேன். "வெயிலுங்க." பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது.

நெற்களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்க்கப் போனோம். வெளியே குரங்கு ஒன்று மாமியின் பையைப் பறித்தது. "ஐயையோ, பேஜாராப் போச்சே! ஜல்தி ஓடுங்க!" பெரியவர்கள் எல்லாரும் குரங்கின் பின்னால். உள்ளே நானும் அவனும் மட்டும். இருட்டு. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தான்.

"ஒரு ஒதவி பண்ணணுங்க. என்னை வேணாம்னு சொல்லிடுங்க."

ஏன் என்றேன். ஆபீஸில் ஒரு பெண்ணாம். வேறு சாதி. மூன்று வருஷமாம். வீட்டில் சொன்னால் அம்மா மருந்து குடித்துவிடுமாம்.

"நீங்களே சொல்லிடுங்களேன், என்னைப் புடிக்கலைன்னு."

"நான் எப்பிடிங்க? காரணம் கேப்பாங்க. பொண்ணு வேணாம்னா யாரும் கேக்க மாட்டாங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களே."

எனக்கு ஒன்றும் இல்லை! குழாயடியில் ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும். அதற்குள் பையோடு வந்துவிட்டார்கள். அவன் சீப்பை எடுத்துத் தலை வாரினான்.

இவ்வளவு பெரிய கோட்டைக்குள் இவனை விடச் சின்ன ஆள் நுழைந்திருக்க மாட்டான்.

11-2, திங்கள்

கால் வலி. வெயில். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இன்னாம்மா, புடிச்சிருக்கா?" பயந்து பயந்து கேட்டார்.

புடிச்சிருக்கு என்றேன்.

பிடிக்கவில்லை. கொஞ்சமும் இல்லை. ஆனால் அவன் வீட்டுச் சண்டைக்கு என் பெயரை ஏன் நான் கெடுத்துக்கொள்ள வேண்டும்? வேண்டாமென்றால் அவன் வாயைத் திறக்கட்டும். வாய் எதற்கு, புளிசாதம் தின்னவா?

13-2, புதன்

ரிப்பன் மாற்றினேன், கையெல்லாம் மை. சாயங்காலம் தரகர். "அவங்களுக்குப் பரம திருப்திங்க. வெள்ளிக்கிழமை பூ வெக்க வர்றாங்க."

அவன் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒருவன் இருப்பானா என்றிருந்தது. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு அப்போதே கிளம்பினார், வீடு வீடாகச் சொல்ல. நான் வேண்டாம் போகாதீங்க என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படித் தலை நிமிர்ந்து நடந்து நான் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. சொல்லவில்லை.

14-2, வியாழன்

தபால் ஆபீஸ். விழுப்புரத்துக்கு, அவன் ஆபீஸ் நம்பருக்கு டிரங்க் கால். ஒரு மணி நேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. அவன் மெதுவாக, "நீங்க இன்னும் சொல்லலீங்களா?"

"நாளைக்கு வர்றதுக்குள்ள நீங்க சொல்லிடணும்."

"ஆபீஸ்ல பேச முடியாதுங்க." வைத்துவிட்டான்.

மூன்று வருஷமாக இவனை நம்பிக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணை நினைத்தேன். பக்கத்து மேஜையாக இருந்தாலும் இருக்கும். பயமாக இருக்கிறது. அவளுக்காகவா எனக்காகவா தெரியவில்லை.

15-2, வெள்ளி

மேகமூட்டம். லீவு எழுதிக் கொடுத்தேன். அப்பா நாலு வீட்டில் நாலு நாற்காலி இரவல் வாங்கி வந்தார். ஒன்று ஒரு நிறம்.

தாம்பாளங்களோடு வந்தார்கள். அவனும். பெல்பாட்டம் இல்லை, வேட்டி. கூடம் நிறையத் தெரு ஜனம். அவன் அம்மா பூவைக் கையில் எடுத்தாள். கேட்டுவிட்டேன். "ஒரு நிமிஷங்க. அன்னைக்குக் களஞ்சியத்துல எங்கிட்ட சொன்னத உங்க பிள்ளை இங்க சொல்லட்டும்."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் அவன் அம்மாவைப் பார்த்தான்.

"நான் இன்னா சொன்னேன்? குரங்கப் பத்திதானே பேசிக்கினு இருந்தோம்?"

கூடம் சிரித்தது. "பொண்ணு வெளையாடுது" என்று அவன் அம்மா என் தலையில் பூவை வைத்துவிட்டாள். நான் எடுத்துத் தாம்பாளத்திலேயே திருப்பி வைத்தேன். எனக்கு வேணாம் என்றேன். காரணம் கேட்டார்கள். சொன்னேன், அந்தப் பெண் உட்பட. யாரும் நம்பவில்லை. "பழி வேற போடுது பாரு" என்றாள் குழாயடிக்காரி. அப்பா, "சாந்தா, சாந்தா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாம்பாளங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அவன்தான் கடைசி. செருப்பு மாட்டும்போது, யாருக்கும் கேட்காமல், "ரொம்ப தேங்க்ஸுங்க."

அவன் கேட்டதை அப்படியே செய்து கொடுத்துவிட்டேன்.

அப்பா படுத்துவிட்டார், விளக்கு வைப்பதற்கு முன்பே. நாற்காலிகள் கூடத்திலேயே. அவர் இனி வெளியே போக மாட்டார். காலையில் நான்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஒவ்வொன்றாக, நாலு வீட்டுக்கும்.