சத்தமில்லாத வால்வு

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது எல்லோரும் செய்வதுதான். இந்தத் தடவை நான் ஒப்புக்குக் கேட்கவில்லை. பதில் தெரிந்தாக வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். நீ நலமா?

இன்று காலையில் உன்னோடு போனில் பேசினேன். வைத்த கையோடு மறுபடியும் கூப்பிட்டு, எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றி அளந்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கூப்பிட்டு மகளின் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னேன். "என்னடா, இன்னைக்குப் பாசம் பொத்துக்கிட்டு வருது" என்று நீ கேலி செய்தாய். பாசம் இல்லை அக்கா. சொல்ல வந்த விஷயத்தை விட்டுவிட்டு வேறெதையோ பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "வாயால சொல்ல முடியலன்னா எழுதித் தொலைங்க, ஆனா இப்பவே எழுதுங்க" என்றாள். நாளைக் காலையில் உன் கையில் சேர்த்துவிடுவதாகக் கூரியர்காரர் சொல்லியிருக்கிறார்.

படித்து முடித்ததும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அத்தானைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே இருக்கும் இதய டாக்டரிடம் பேசிவிட்டேன். உன்னை உட்கார வைக்காமல் உடனே ஸ்கேன் எடுப்பார். உன் நெஞ்சில் இருக்கும் வால்வு சரியாகத் திறந்து மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். பயப்படாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கொஞ்சம் பயப்படு அக்கா. அப்போதுதான் போவாய்.

ஏன் என்று சொல்லாவிட்டால் நீ நகர மாட்டாய், எனக்குத் தெரியும்.

உன் வால்வு பழுது என்று டாக்டர் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? வெளியே நாற்காலியில் நம் பக்கத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஏற்கெனவே செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே டிக், டிக் என்று கேட்டது. நீ என் காதில், "நான் பரீட்சை ஹால்ல நடந்தா பிள்ளைங்க எல்லாம் மணி பார்க்கும்டா. சுவர்க் கடிகாரமா வாழ என்னால முடியாது" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அன்றைக்கு நான் வாய்விட்டேன், சத்தமே வராத வால்வு ஒன்று செய்து தருகிறேன் என்று. என் பிழைப்பே அதுதானே. தறி, லிஃப்ட், பல்சக்கரப் பெட்டி என்று எது அலறினாலும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குத்தான் கொண்டுவருவார்கள். எங்கள் படிப்பில் சத்தம் என்றால் கோளாறு. அதை அடக்கிவிட்டால் வேலை முடிந்தது, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்கலாம். வால்வில் இருக்கும் இரண்டு குட்டிக் கதவுகளும் வளையத்தில் மோதும்போதுதான் அந்த டிக் வருகிறது. மோதும் இடத்தில் ஒரு மெத்தை வைத்தேன். சத்தம் போய்விட்டது. அதுவரைக்கும் நீ ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாய். வால்வைப் பொருத்திய பிறகு உன் முதுகில் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்த வாரம் கூடத்தில் ஒரு சோதனை வைத்தோம். ரத்தம் மாதிரியே உறையக்கூடிய திரவத்தை ஒரு பம்பு வழியாக ஓடவிட்டு, பழைய வகை வால்வையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். எந்த வால்விலும் எப்போதாவது ரத்தக் கட்டி சேரலாம். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழையதில் கட்டி சேர ஆரம்பித்ததும் அதன் சத்தம் மந்தமாகிவிட்டது. கூடத்தின் கோடியில் கணினியில் தலையைக் கவிழ்த்திருந்த பெண்கூடத் திரும்பிப் பார்த்து, "சார், அது ஒரு மாதிரி கேட்குது" என்றாள். என்னுடையதில் ஒரு கதவு பாதியில் சிக்கி நின்றேவிட்டது. யாரும் திரும்பவில்லை. அதற்குப் பக்கத்தில் நான்தான் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சத்தம் கோளாறு இல்லை அக்கா. அதுதான் காவல். பழைய வால்வு வைத்தவர்களிடம், சத்தம் மாறினால் உடனே ஓடிவாருங்கள் என்று டாக்டர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். நாங்கள் நோயாளிகளிடம் போய், சத்தம் எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது என்று விழுந்து விழுந்து கேட்டோம். அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. மெத்தப் படித்த கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சந்தேகமாக இருக்கிறது. கட்டி சேர்வதே அந்த மெத்தையால்தானோ என்று. அது இன்னும் நிச்சயமாகவில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் போடுகிறாயா? போடாமல் விட்டு உறைந்தால் அது மாத்திரையின் கதை. போட்டும் உறைந்தால் குற்றம் வால்வில். எங்கள் துறைத் தலைவர் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். "ஒரு சோதனையை வச்சுக்கிட்டு ஊரைக் கலவரப்படுத்தாதீங்க, ஒரு நோயாளிகிட்டயாவது நிரூபணம் ஆகட்டும்" என்கிறார். உன்னைப் போல அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடமாடுபவர்கள் இன்னும் பல பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தம்பி, தங்கைகள் உண்டு. நான் உனக்கு மட்டும் முதலில் எழுதுகிறேன். அதுவும் உறுத்துகிறது.

இன்று காலை நீ, மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுவதாகச் சொன்னாய். "வயசாகுதில்ல" என்று சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அது வால்வின் கோளாறாக இருக்கலாம் என்று தெரிந்தும், சிரித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அத்தானிடமும் இதைக் காட்டு. அவர் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை, படிக்கவாவது படிக்கட்டும். என்னைத் திட்ட வேண்டுமென்றால் ஸ்கேனுக்குப் பிறகு திட்டட்டும், நான் எங்கும் ஓடிப்போக மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு மாற்றுத் துணியெல்லாம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். படி ஏறாதே. கிளம்பு அக்கா, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன் தம்பி


அன்புள்ள எண்ணெய்க் குப்பிக்கு,

அக்கா எழுதுவது. கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள். என் மாணவர்கள் யாராவது பார்த்தால் மானம் போய்விடும்.

உன் கடிதம் வந்த அன்றே போய்விட்டோம். உங்கள் அத்தான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார் என்றால் பார்த்துக்கொள். நேற்று நீ போன் செய்தபோது ஸ்கேன் முடிவு இன்னும் வரவில்லை என்றேனே, அது பொய். வந்துவிட்டது. ஒரு கதவு நன்றாக வேலை செய்கிறது, மற்றது சோம்பேறியாக நிற்கிறது. திரையில் காட்டினார்கள். டாக்டர் சின்னப் பையன்தான், ஆனால் பொறுமையாகச் சொன்னார். கட்டி பெரிதாக இருக்கிறதாம், மருந்தில் கரையாதாம், இன்று மத்தியானம் திறந்து வால்வையே மாற்றிவிடலாம் என்றார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சிரமம் என்றும் சொன்னார். அதனால் உன் கடிதம்தான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. அதை முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்.

உனக்குத் தெரியக் கூடாது என்று உங்கள் அத்தானிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், போன் செய்யக் கூடாது என்று. தெரிந்தால் நீ அடித்துப் பிடித்து ஓடிவந்து தலைமாட்டில் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பாய். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மாத்திரை பற்றிக் கேட்டாய். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒழுங்காகப் போடவில்லை. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று பல நாள் விட்டுவிட்டேன். கையில் சின்ன இடி பட்டால்கூடக் கன்றிப் போகிறது, அந்த எரிச்சலில் கொஞ்ச நாள் நிறுத்தியே வைத்திருந்தேன். ஆகவே தப்பு என்னுடையது. உன் மெத்தை மேல் பழி போடாதே. உங்கள் தலைவரிடமும் அப்படியே சொல்லிவிடு. உன் வேலைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

உனக்கு எண்ணெய்க் குப்பி என்று பேர் வந்த கதையை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். வாசல் கதவு கிறீச்சென்றால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம், நாம் சீட்டுக்கட்டை மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டுப் புத்தகத்தைத் திறப்போம். நீ என்ன செய்தாய்? சத்தம் காதைக் குடைகிறது என்று கீலுக்கு எண்ணெய் விட்டாய். அன்று அப்பா நம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று ஆட்டத்தை முழுசாகப் பார்த்தார். அடி எனக்குத்தான் விழுந்தது. நீ அழுத அழுகையில் அடித்தவரே உனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைக்கும் நான் உன்மேல் கோபப்படவில்லை.

எந்த வகை வால்வு வைக்கட்டும் என்று டாக்டர் கேட்டார். நன்றாகச் சத்தம் போடுவதாகப் பார்த்துக் கொடுங்கள், என் வீட்டுக்காரர் குறட்டையையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்றேன். நர்ஸ் சிரித்துவிட்டாள். இனிமேல் என் பரீட்சை ஹாலில் பிள்ளைகள் மணி பார்த்துவிட்டுப் போகட்டும். நீயும் தொட்டியை அடைத்து முடித்துவிட்டு, வந்து ஒரு வாரம் தங்கி அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டே சாப்பிடு. அது கேட்கிற வரைக்கும் உனக்குக் கவலை இல்லை.

மனைவியைக் கடிந்துகொள்ளாதே, அவள் புத்திசாலி. குழந்தைக்கு என் முத்தம். நீ நன்றாக இருக்க வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும்.

உன் அக்கா


மச்சானுக்கு,

மேலே இருப்பதை ஒட்டி அனுப்பச் சொல்லிவிட்டு உன் அக்கா உள்ளே போய்விட்டாள். போன் செய்யக் கூடாது என்றுதான் சத்தியம் வாங்கினாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அவள் எழுதியதைப் படித்தேன். மாத்திரை பற்றி எழுதியிருப்பது பொய். ஒரு நாள்கூட விட்டதில்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடு நான்தான் கையில் கொடுக்கிறேன், முழுங்குகிற வரைக்கும் நிற்பேன். ரத்தப் பரிசோதனைக்கும் நான்தான் கூட்டிப்போவேன். எல்லாம் சரியாகவே இருந்தது என்று இங்கே டாக்டரும் பார்த்துச் சொன்னார்.

இதைச் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். சொல்லாமல் விடலாமா என்று இந்த வராந்தாவில் நடந்து நடந்து பார்த்தேன். எனக்கு எதிரே ஒருவர், அவர் வீட்டம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தபோது, உன் வால்வை வைத்துக்கொண்டிருக்கும் மற்றவர்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அவர்கள் ஞாபகம் வந்தது. உன் அக்கா உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதை நீ உங்கள் தலைவரிடம் சொல்லிவிட்டால் அவர்களுக்கு யாரும் கடிதம் எழுத மாட்டார்கள். நீ எழுது. அவரைக் கேட்காமலே எழுது.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் கண் விழிக்க நாளை ஆகும் என்கிறார்கள். கடிதங்களை எழுதித் தபாலில் போட்டுவிட்டுக் கிளம்பி வா. விழித்ததும் உன்னைத்தான் தேடுவாள். அந்தச் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல எனக்கு உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

அத்தான்