ஆயில் மூடிமேல் வைத்த பொட்டு

நாளை ஆயுத பூஜை. புல் வெட்டும் மிஷினுக்காகச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த பழைய ஆயில் வாடையும் சந்தனமும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் இரண்டு வருடமாகிறது. என் கோபம் மட்டும் போகவில்லை.

ஆலத்தியூர்ப் பக்கத்தில் சிமென்ட் ஆலைக் குடியிருப்பின் புல்தரைக்கு நாம் இருவர்தான். சுண்ணாம்புத் தூசியில் வாரம் தவறாமல் மிஷின் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதைத் தட்டித் தட்டி வெளுத்துப்போன உன் மூஞ்சியைப் பார்த்து, "சாமியாரே, திருநீறு குடுங்க" என்று கேலி செய்வேன். அடைமழைக்கு முன்னால் பிளேடு தீட்டி, ஆயில் மாற்றுவோம். நான் பிளேடில் கைவைக்கப் போனாலே கத்துவாய்: "மொதல்ல பிளக் ஒயரப் புடுங்குடா!" என் பத்து விரலும் முழுசாக இருப்பது உன்னால்தான். அதை மறுக்க மாட்டேன்.

அந்த வருடம் பூஜைக்கு முந்தின நாள் நீ பழைய ஆயிலை வடித்தாய். மறுநாள் நான் வருவதற்குள் மிஷினைக் கழுவி, ஆயில் மூடிமேல் பெரிய பொட்டாக வைத்திருந்தாய். பூஜைப் பொட்டை அன்றைக்குக் கலைக்கக் கூடாது என்பது நம் வழக்கம். அதனால் திறந்து பார்க்காமல் உன்னைக் கேட்டேன்.

"புது ஆயில் ஊத்திட்டேன்டா, தைரியமா இழு" என்றாய்.

கற்பூரம் காட்டியதும் ஆபீசர் முன்னால் கயிற்றை இழுத்தேன். புல்தரையில் நாலு சுற்று ஓடியது. ஐந்தாவதில் கிறீச்சென்று இன்ஜின் இறுகி நின்றது. திறந்தால் உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லை.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "வடிச்சது நான் சார். ஊத்தறது இவன் வேலைங்க, மறந்துட்டான் போலருக்கு."

மறதி யாருக்குத்தான் இல்லை? உண்மையைச் சொல்லியிருந்தால் இருவரும் சேர்ந்து திட்டு வாங்கியிருப்போம். பாவி, என்னை மூட்டை ஏற்ற அனுப்பினார்கள். மிஷினைக் கெடுத்தவன் என்ற பேரோடு அங்கே நாலு மாதம்தான் தாங்கினேன்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நீ கிடந்தபோது வந்தேன். இப்போதாவது சொல்வாய் என்று ஒரு மணி நேரம் ஸ்டூலில் காத்திருந்தேன். "ஊர்ல மழை உண்டாடா?" என்றாய். உண்டு என்றேன்.

இப்போது அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை. பார்க்காமல் நான் நம்பிய ஒரே ஆள் நீ. இன்று வீட்டில் மனைவி கேஸை அணைத்துவிட்டேன் என்றால்கூட எழுந்துபோய்த் திருகிப் பார்க்கிறேன். நேற்று கேட்டேவிட்டாள்: "நான் என்னிக்காச்சும் உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கனாங்க?"

நான்தான் அவளிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அவளைப் பொறுத்தவரை, அன்றைக்கு ஆயில் ஊற்ற மறந்தவன் நான்.