எண்ணி எழுதிய பூஜ்யம்

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாத்து எழுதுகிறேன். முழங்காலளவு சேற்றோடு நலம். போன் எடுக்காத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று திட்டாதே. தபால்காரர் வாரம் இரண்டு முறை தவறாமல் வருகிறார்.

நானும் என் சதுப்பு வகுப்புப் பிள்ளைகளும் கூடு எண்ணி முடித்துவிட்டோம். போன வருடம் நூற்று நாற்பத்து மூன்று நாரைக் கூடுகள். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. மேலே வாய்க்காலை ஆழமாகத் தோண்டிய பிறகு சதுப்பில் தண்ணீர் நிற்பதே இல்லை. மரத்தைச் சுற்றித் தண்ணீர் இல்லாவிட்டால் பூனை ஏறி வந்துவிடும் என்று நாரைகளுக்குத் தெரியும்.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியுமல்லவா? இரண்டிரண்டு பிள்ளைகளாகக் காவல் கோபுரத்தில் ஏறி, ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டாமல் எண்ணுவார்கள். எல்லோரும் பூஜ்யமே எழுதினார்கள். தாளில் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். எங்கள் வகுப்பில் நான் வாயாடி என்று கூப்பிடும் பெண் விடுவாளா? "ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்கு டீச்சர் கையெழுத்து?" என்றாள்.

"எண்ணிப் பாத்துட்டு இல்லன்னு சொல்றது வேற. பாக்காமலே சொல்றது வேற."

"அப்போ நாலு நாளா ஒண்ணுமில்லாதத எண்ணியிருக்கோம்!" என்று சொல்லிவிட்டு, மற்ற எல்லோரையும்விடப் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

தாளை, நம் இருவருக்கும் சம்பளம் தரும் உன் அறக்கட்டளைக்கு அனுப்பியிருக்கிறேன். தண்ணீரைத் தேக்க ஒரு சின்ன மதகு கேட்டு விண்ணப்பமும் கூடவே இருக்கிறது. அது உன் மேசைக்குத்தானே வரும், கொஞ்சம் பார்.

உன் தங்கை

ஜூன் 27

என் செல்ல வாத்துக்கு,

தாள் வந்தது. எல்லா இடத்துத் தாள்களையும் ஒரே பட்டியலாகத் தட்டச்சு செய்து அறங்காவலர்கள் முன் வைப்பது என் வேலை. அவர்கள் பட்டியலை மட்டும்தான் படிப்பார்கள். போன வருடம் எண்ணிக்கை விழுந்த இரண்டு இடங்களை, "அங்க இனிமே ஒண்ணும் தேறாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நான் பக்கத்தில் தண்ணீர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மதகு விண்ணப்பம் இப்போது வேண்டாம். உன் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே.

அம்மாவுக்கு மூச்சுத் திணறல் பரவாயில்லை. ஆபீஸ் காப்பீடு இருப்பதால் ஆஸ்பத்திரிக்குப் பயமில்லாமல் போய்வருகிறோம். "சின்னவ வருவாளா, இல்ல ரெக்கை மொளைச்சு அங்கயே தங்கிடுவாளா?" என்று தினமும் கேட்கிறாள். இரண்டு நாளாவது வந்து போகக்கூடாதா?

அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று ஒருவர் இரும்புப் பலகையோடு வந்து இறங்கினார். "மீட்கப்பட்ட சதுப்பு நிலம்" என்று எழுதி, கீழே உங்கள் அறக்கட்டளையின் பெயர். அவர் குழி தோண்டத் தொடங்கியதும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணே, எடம் மாறி வந்துட்டீங்களா?" என்றாள் வாயாடி.

"அட்ரஸ் சரியாத்தாம்மா இருக்கு."

"அட்ரஸ் சரி. நாரை எங்கண்ணே?"

அவர் வானத்தைப் பார்த்தார். பாவம், பலகை நடுவதுதான் அவர் வேலை.

அவர் கையில் எனக்கு ஒரு கடிதமும் இருந்தது. இரண்டாவது வருடமும் நூற்று நாற்பத்து மூன்று கூடுகள் நிலைத்திருப்பதால் இந்த இடம் தேறிவிட்டதாம். டிசம்பரோடு காவலும் வகுப்பும் நிறுத்தப்பட்டு, நிதி இதைவிடத் தேவையுள்ள ஓர் இடத்துக்குப் போகிறதாம்.

அக்கா, நூற்று நாற்பத்து மூன்று என்று யார் எழுதியது?

தங்கை

செப்டம்பர் 20

வாத்து,

நான்தான்.

பூஜ்யம் என்று தட்டச்சு செய்தால் உன் இடத்தையும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். போன வருட எண்ணையே போட்டேன். ஒரு வருடம் தள்ளிப்போனால் நாரைகள் திரும்பி வந்துவிடும், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். நன்றாக இருக்கும் இடத்தையும் விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பட்டியலைப் படித்துவிட்டு அவர்கள் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன். அப்புறம்தான், தேறிய இடத்துக்கு இனி நிதி வேண்டாம் என்ற தீர்மானத்தை வாசித்தார்கள்.

உன் தாள் என் இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. உண்மையைச் சொல்ல இரண்டு முறை எழுந்து போனேன். அறங்காவலர்கள் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். வேலை போனால் அம்மாவை எங்கே கொண்டுபோவேன் என்று நீயே சொல். கெஞ்சிக் கேட்கிறேன், அவர்களுக்கு எழுதிவிடாதே.

உனக்காகத்தானே செய்தேன்.

அக்கா

நவம்பர் 3

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிறகு அறக்கட்டளைக்கு எழுதினேன். பயப்படாதே. பிள்ளைகள் எண்ணியதை மறைத்துப் பொய்யான எண்ணை அனுப்பியவள் நான்தான் என்று எழுதினேன். வகுப்பில் இருந்த நகலை அதோடு வைத்தேன். நேற்று இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒப்புக்கொண்டவளிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை. பலகையைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். மதகு கட்ட முடியுமா என்று அளந்து பார்க்கப் போகிறார்களாம். காவலும் வகுப்பும் தொடரும். டீச்சர் மட்டும் வேறொருவர் வருவார்.

அவர்கள் கேட்டபோது பிள்ளைகளும் அங்கே கோபுரத்தின் மேல்தான் நின்றிருந்தார்கள். அனுப்பிவிட்டுப் பேசியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

"டீச்சர், நாங்க பூஜ்யம்தானே போட்டோம்?" என்றாள் வாயாடி.

"ஆமா."

"அப்போ நீங்க மாத்திட்டீங்களா?"

"ஆமா" என்றேன்.

அவள் ஏதாவது துடுக்காகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். இன்று யாரும் வரவில்லை.

எனக்காகத்தான் செய்தாய் என்பதை நம்புகிறேன். அதனால் உன்மேல் கோபப்படக்கூட வழியில்லாமல் இருக்கிறது. இந்த வார முடிவில் இங்கிருந்து கிளம்புகிறேன். எங்கே என்று இப்போது எழுதப் போவதில்லை. நீயும் பதில் போட வேண்டாம். வாங்க ஆள் இருக்காது.

அம்மா கேட்டால், எனக்கு வேலை போய்விட்டது என்றே சொல். அவள் மனம் நோகுமே என்று வேறு எதையும் சொல்லிவிடாதே.

தங்கை