கடல் மேற்கே இருக்கும் ஊர்

இன்று காலை தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. பழைய ஐஸும் காணாங்கத்தை மீனும் கலந்த வாடை. மீன்பிடித் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. நம்ம பக்கம் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாததால், லாரியில் வருகிற மேற்குக் கடல் மீனைத்தான் தாம்பரம் மார்க்கெட்டில் எல்லாரும் விற்கிறோம். எந்த ஊர்ப் பெட்டி என்று கேட்டேன். "மங்களூருதான்க்கா" என்று சொல்லிவிட்டு லாரிக்காரர் போய்விட்டார். நான் மூடியை மறுபடி மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ இருந்திருந்தால் கிண்டல் பண்ணியிருப்பாய். போன வருஷம் பீர்க்கன்கரணை டீச்சரம்மாவிடம் சொன்னாயே, "இத்தப் போயி மீனுன்றாங்கோ பாருங்க. ஐஸ்ல மெதந்துகினு வந்த செருப்பு இது" என்று. "அப்புறம் ஏண்ணா விக்கிறீங்க?" என்று அவர்கள் கேட்டதற்கு, "நீங்க துண்றீங்களே, அதான்" என்றாய். அவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு கிலோ வாங்கிப் போனார்கள்.

இப்போது உன் பலகையில் நான் உட்காருகிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வந்துவிட்டேன். வீட்டில் இருந்து என்ன பண்ண? முன்பு நீ எடை போடுவாய், நான் பின்னால் உட்கார்ந்து வெட்டிக் கொடுப்பேன். இப்போது இரண்டும் நான்தான். விஷயம் தெரியாதவர்கள் "அண்ணன் எங்கக்கா?" என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குமேல் விலை கேட்பதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறார்கள். நானே வாயைத் திறந்து விலையைச் சொல்லிவிடுவேன்.

நம்ம பவி விஷயமாகத்தான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் எந்த ஊர் என்று அவள் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

நம்ம பொண்ணுக்கு மேல்படிப்புக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்த அன்றைக்கு நீ மார்க்கெட் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இரண்டுமே கடலோரத்துப் பல்கலைக்கழகம், இரண்டிலும் கடல் உயிர்களைப் பற்றிய படிப்பு. ஒன்று புதுச்சேரியில், ஒன்று மங்களூரில். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, புதுச்சேரிதான் என்றேன். நீ விடவில்லை. "செவுளத் தூக்கிப் பாக்காம எவனாச்சும் மீன் வாங்குவானா? ரெண்டயும் பாத்துனு வந்துடலாம் வா" என்றாய்.

முதலில் மங்களூர் போனோம். மறுநாள் விடியும்போதே எழுந்து, கடலைப் பார்க்கலாம் என்று லாட்ஜிலிருந்து கிளம்பினோம். வானம் வெளுக்கிற பக்கமாக நீ விடுவிடுவென்று முன்னால் நடந்தாய். கோவளம் குப்பத்தில் பிறந்த காலுக்கு வேறு என்ன தெரியும்? வெளுக்கிற பக்கம்தான் நமக்குக் கடல்.

"அப்பா, கடல் இந்தப் பக்கம்ப்பா. மேப்ல காட்டுது" என்று பவி போனை நீட்டினாள்.

"மேப்பா எனக்கு வலை இழுத்துக் குடுத்துது? பேசாம வாம்மே."

மேடு ஏறினோம். ஓட்டு வீடுகள், தென்னை, அப்புறம் ஒரு பெரிய ரோடு. காற்றே இல்லை. ஒரு சின்னப் பாலத்துக் கட்டையில் பவி உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீ நடப்பா. இப்படியே நேரா நட. மேப்ல மங்களூரும் தாம்பரமும் ஒரே கோட்டுலதான் இருக்கு. சாயங்காலம் மார்க்கெட் தெறக்குறதுக்குள்ள போயிடலாம்."

நீயும் சிரித்தாய். ஆனால் உன் முகம் என்னவோ போல் ஆனதைப் பார்த்தேன். திரும்பி நடந்து கடலுக்கு வந்தபோது வெயில் நம் முதுகில் அடித்தது. நம் மூன்று பேர் நிழலும் தண்ணீரில் போய் விழுந்தது. நீ கடலைப் பார்த்துக் கும்பிட்டாய். சூரியன் பின்னால் இருப்பது ஞாபகம் வந்து, திரும்பி நின்று அதையும் கும்பிட்டாய். நீ கடலுக்கு முதுகு காட்டி நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். "எனக்கு இங்க ஒண்ணுமே புரியலமே. காத்து எங்கேர்ந்து அடிக்குதுன்னே தெரியல" என்று என்னிடம் மட்டும் சொன்னாய். பவி முழங்கால் தண்ணீரில் நின்று, அங்கே படிக்கிற ஒரு பெண்ணோடு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று நமக்குத் தெரியாது. அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசியதை நீ வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

அடுத்து கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரி போனோம். அங்கே உனக்கு உயிர் வந்துவிட்டது. கடல் அதன் இடத்தில் இருந்தது. நானும் பவியும் படிக்கிற இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதற்குள், வலை பின்னுகிறவர்களோடு நீ சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். அவர்களில் ஒருவர் உன் அக்கா புருஷனுக்குச் சித்தப்பா முறை என்று கண்டுபிடித்தும் விட்டாய். மத்தியானம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. குப்பத்தில் பாதிப் பேர் வாசலுக்கு வந்து, கோவளத்தான் பொண்ணு எது என்று பவியைப் பார்த்தார்கள். "சனிக்கிழமை ஆனா இங்க வந்துடு கண்ணு. நம்ம புள்ளைங்க எல்லாரும் உன்னப் பாத்துக்குவாங்க. மாப்பிள்ளைகூட நாங்களே பாத்து வெச்சிடறோம்" என்றாள் அந்த வீட்டு அம்மா. எல்லாரும் சிரித்தோம். பவியும் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் இலையில் சோறு குறையவில்லை. நீ அதைக் கவனித்தாய். நானும் கவனித்தேன், ஆனால் எனக்கு மனசு நிறைந்திருந்தது. ஒரு பஸ் ஏறினால் பிள்ளையைப் பார்த்துவிடலாமே.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: "இந்த ஊர்ல எனக்கு எல்லாம் புரியுது. எனக்கே புரியுற ஊர்ல அதுக்குப் புதுசா இன்னா கீது? அந்த மங்களூர் கடலுக்கே போவட்டும்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "செரி செரி, இப்ப பவியாண்ட சொல்லாத. ஞாயித்துக்கெழம யாவாரம் முடியட்டும், மூணு பேரும் ஒக்காந்து பேசுவோம்" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை வரை நீ இருக்கவில்லை. வியாழக்கிழமை ஐஸ் பெட்டியைத் தூக்கக் குனிந்தவன், அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டாய். ஏதோ தேடுகிறாய் என்று நினைத்து நான் மீன் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

காரியம் முடிந்ததிலிருந்து பவி ஒரே பேச்சாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நான் புதுச்சேரிக்கே போறேம்மா. உனக்கு அதுவும் கஷ்டம்னா சொல்லு, படிப்பே வேணாம், கடையில உக்காந்துடறேன்." நான் கேட்டதைத்தான் கொடுத்தாள். வாங்கிக்கொள்ளக் கை போகவில்லை. நீ பஸ்ஸில் சொன்னது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பிள்ளை பக்கத்திலேயே இருப்பாள். இத்தனை நாளும் அப்படித்தான் இருந்தேன்.

இன்று வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். பவி சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா மங்களூர்தான் சொன்னாரு" என்றேன்.

"எப்போ?"

"பஸ்ல. நீ தூங்கிகினு இருந்த."

சட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நெஜமாவே அப்பா சொன்னாரா? இல்ல, எனக்கோசரம் நீயா சொல்றியா?"

"நானா சொல்றதா இருந்தா புதுச்சேரின்னுதான்டி சொல்லியிருப்பேன்."

அதைக் கேட்டதும் நம்பிவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். உன் காரியத்தில்கூட அவள் அப்படி அழவில்லை. நான் தடுக்கவில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, போனை எடுத்து மங்களூருக்குப் பதில் அனுப்பினாள். அனுப்பின பிறகுதான் கேட்டாள், "நீ தனியா இன்னாம்மா பண்ணுவ?"

"மீன் வெட்டுவேன். வேற இன்னா பண்ணுவாங்க?" என்றேன். வா, சோறு ஆறுது என்றேன்.

அவள் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் அன்றைக்கு அத்தோடு பேச்சு முடியவில்லையே. திண்டிவனம் தாண்டினதும் எனக்குக் கோபம் பொறுக்காமல், "அவ்ளோ தூரம் அது போயிட்டா வூட்ல யாருதான் கீறா?" என்று கேட்டேன். நீ வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் கொட்டிவிட்டுச் சொன்னாய், "நீ கீற, நான் கீறேன். போதாதா?" என்று.

நீ சொன்னதில் முதல் பாதியை மட்டும்தான் பிள்ளையிடம் கொடுத்தேன். இதைச் சொல்லவில்லை. இது என்னோடு இருக்கட்டும்.