கறுத்துவிட்டது உன் சதுரக் காசு

பங்காளி,

இன்று காலை கடையில் ஒரு பழைய குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். புளித்தண்ணீரும் பித்தளையும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். உன் காசு இருந்தது.

கறம்பக்குடிச் சந்தையில் நான் பழைய பாத்திரங்களை எடைக்கு வாங்குவேன். அவற்றோடு வரும் வெள்ளைக்காரன் காலத்துக் காசுகளை நீ பொறுக்குவாய். பிறகு என் கடையில் துண்டை விரித்து அடுக்குவாய். சிலோன் காசில் பனை, ஆப்பிரிக்கக் காசில் சிங்கம். திருப்பினால் இரண்டிலும் ராஜா தலை. நடுவில் ஓட்டை போட்ட இன்னொன்றில் யானைத் தந்தம் மட்டும். "இதுல தல போட எடமில்ல, ராஜா தப்பிச்சான்" என்பாய்.

மலாயாவின் சதுரக் காசை மட்டும் தனியாக வைப்பாய். உன் அப்பா அங்கே ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அவர் திரும்பவில்லை, ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய அந்த ஒரு சென்ட்தான் வந்தது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த தலை, மறுபக்கம் வெறும் எழுத்து.

"சிலோனுக்குப் பனை போட்டான்ல? எங்கப்பன் பால் வெட்டுன ரப்பர் மரத்த ஒண்ணு போட்டா என்னவாம், கஞ்சப்பய!"

"போட்டிருந்தா அதையும் ஒங்கப்பாதான் வெட்டணும்" என்பேன். சிரிப்பாய்.

ஒருநாள் நீ சாப்பிடப் போயிருந்தபோது, கரியாகக் கிடந்த அந்தக் காசை எடுத்துப் புளி வைத்துத் தேய்த்தேன். பழசைப் பளபளப்பாக்கி விற்றே முன்னுக்கு வந்தவன் நான். நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் நினைத்தேன்.

வந்து பார்த்தாய். காசை விரலால் தடவினாய்.

"அழுக்குன்னா நெனச்ச? எங்கப்பன் கை பங்காளி அது."

"ஒரு சென்ட் காசுக்கு இம்புட்டா?" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"நீயே வச்சுக்க. கறுத்த பெறகு கொண்டாந்து குடு." மற்ற காசுகளைத் துண்டில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

அதன்பின் நீ வரவில்லை. நானும் வரவில்லை. உன் ஊர் கீரனூர் என்ன, சீமையிலா இருக்கிறது? காசு கறுக்கட்டும், கொண்டுபோய் நீட்டினால் சிரித்துவிடுவாய் என்று இருந்தேன். யாவாரத்தில் பொறுத்திருந்து வாங்கியே பழகியவன். அது பழுப்பேறுவதற்குள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் உன் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

இப்போது நன்றாகக் கறுத்துவிட்டது. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுக் கீரனூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, "எங்கிட்டுண்ணே?" என்றார். இறங்கிவிட்டேன்.

இதில் உன் அப்பாவின் கை இல்லை, என் வேர்வைதான். தெரியும். ஆனாலும் நீ சொன்னபடி கறுக்க வைத்துவிட்டேன், பங்காளி. வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.